மதகுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும் தேர்: எங்கள் ஊர்த் திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் இருக்கும் மாமாக்கள், சித்தப்பாக்கள், அண்ணன்மார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால், வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கும் தெருவிலிருந்து ஐந்து பேர் தலைக்கட்டு வரிப் பணத்தோடு வந்தார்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னீர்கள், காபியும் கொடுத்தீர்கள். பணத்தை மட்டும் வாங்கவில்லை. "இருக்கட்டும்ப்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினீர்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன், அவன் வாசலுக்குத்தான் சாமி வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவன் நான். 1933 ஏப்ரலில் ஹிட்லரின் ஆட்கள் யூதர் கடைகளின் வாசலில் காவல் நின்று, வாங்க வந்தவர்களை மிரட்டியதைக் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டுச் சொல்லியிருக்கிறேன். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்ததையும் நடத்தியிருக்கிறேன். "பக்கத்து வீட்டுக்காரங்க ஏன் சார் சும்மா இருந்தாங்க?" என்று வருஷா வருஷம் எவனாவது ஒருவன் கேட்பான். பயம், ஆதாயம், பழக்கம் என்று அழகாகப் பதில் சொல்வேன். சைக்கிள் மிதித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் கீழவெண்மணியைப் பற்றி மட்டும் ஒரு பீரியட்கூடப் பேசியதில்லை. பாடத்தில் இல்லை என்பது சாக்கு. வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள், என் தாத்தா பண்ணை வைத்திருந்தவர். அவ்வளவுதான் காரணம்.

1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் அது நடந்தபோது எனக்கு எட்டு வயது. மார்கழிக் குளிரில் திண்ணையில் பெரியவர்கள் "ஏதோ கூலித் தகராறாம்" என்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அந்த ஊர்க் கூலியாட்கள், அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றவர்கள். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தீவைப்பு வழக்கில் நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதாருக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. அப்புறம் 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். 44 உயிருக்கு முன்னால் அந்தஸ்து சாட்சியாக நின்றது!

நம் வீடுகளில் இன்னொரு கதையும் சொல்வார்கள்: "நாமளாப் பாத்து எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கோம்." எதை? பண்ணையாட்களுக்குக் கொடுத்த சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைத்த சாணிப்பாலும் நின்றது, 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் மாதிரி ஆட்கள் தெருத்தெருவாகப் போய்ச் சங்கம் கட்டி, பண்ணையாட்கள் நிமிர்ந்து நின்ற பிறகு. அவர் கன்னட நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் "வெளியூரான் வந்து கெடுத்தான்" என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். நியாயக் கூலிச் சட்டம் 1969இல், வெண்மணிக்கு மறுவருஷம். நாமாகக் கொடுத்ததாக ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. அந்த ஐந்து பேர் எழுந்து போனதும் குழுவில் ஒருவர், "வெளியிலேருந்து எவனோ தூண்டிவிடுறான்" என்றார். தாத்தா குரல் அப்படியே கேட்டது.

வேறு காரணமும் சொன்னீர்கள், தேர் மதகில் ஏறாது என்று. அறுவடை மெஷின் ஒவ்வொரு தை மாதமும் அந்த மதகில்தான் ஏறி அந்தப் பக்க வயலுக்குப் போகிறது. நம் தேரைவிட அது அகலம். சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்கலாம், டேப் என்னிடம் இருக்கிறது.

சரி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். என் வீட்டு வரியைத் தனியாகக் கொண்டுவந்து தரப் போவதில்லை. தெற்குத் தெருக்காரர்கள் வரும்போது அவர்களோடு நின்று நீட்டுகிறேன். அவர்களுடையதை வாங்காவிட்டால் என்னுடையதும் வேண்டாம். தேரும் என் வாசலில் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேலத்தெரு வாத்தியார்