மட்டி எடுக்கும் நீரையும் சோதியுங்கள்

ஐயா,

நீர் வற்றும் நேரத்தில் எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி மட்டி என்னும் சிப்பியை எடுப்பவர்களை இன்றும் பார்க்கலாம். விற்க அல்ல, வீட்டுக் குழம்புக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியதும் இதே நீரில்தான்.

மட்டி நீரை வடிகட்டித் தின்னும் உயிர். கிருமியும் பாசி நஞ்சும் அதன் சதையில் சேரும். இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 1981இல் தமிழகத்தில் மட்டி தின்ற மூவர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எந்தக் கரையில் மட்டி எடுக்கலாம் என்பதைச் சுகாதாரத் துறையே வரைபடமாக வெளியிடுகிறது. இங்கும் நீரையும் மட்டியையும் மாதந்தோறும் சோதித்து, முடிவைத் தமிழில் கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

– வாசகர், திருவொற்றியூர்