தோற்ற அன்று புத்திமதி வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போட்டியில் தோற்ற பிள்ளைகளுக்கு மீண்டும் ஊக்கமூட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'துவண்டுவிடாதே, மன உறுதி கொள்' என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லையே என்பது என் ஆதங்கம். நீச்சல் போட்டிகளில் லேன் முனையில் ஸ்டாப்வாட்சோடு நிற்கும் நேரக் கணிப்பாளர் நான். கேலரியில் இருப்பவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் அங்கே தெரியும்.

சுவரைத் தொட்டதும் பல பிள்ளைகள் முதலில் தேடுவது அப்பா அம்மாவின் முகத்தை. ஸ்கோர்போர்டெல்லாம் அப்புறம்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கிள், டைமிங் எவ்வளவு?" என்பார்கள். சொன்னதும் சிலர் கண்ணாடியைக் கழற்றாமல் லேன் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே கிடப்பார்கள். கேட்டால், கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்பார்கள். குளத்துத் தண்ணீர் அல்ல அது என்று எனக்குத் தெரியும், நானும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த நேரத்தில் எந்தப் புத்திமதியும் காதில் ஏறாது. இரண்டு மூன்று நாள் போகட்டும். அப்புறம் ஸ்பிளிட் நேரங்களை, அதாவது ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஆன நேரத்தை எழுதிய தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஒரு பையன் முதல் 50 மீட்டரை 29 விநாடியில் முடித்தான். கடைசி 50-க்கு 38 விநாடி ஆனது. "கடைசியில விட்டுட்டான் சார், மனசு வெச்சு நீந்தவே இல்ல" என்று அவன் அப்பா என்னிடமே குறைப்பட்டார். டைவ் அடித்துக் கிளம்புவதால் முதல் 50 எல்லோருக்கும் கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். ஆனால் 9 விநாடி வித்தியாசம் என்றால், பையன் ஆர்வக் கோளாறில் தெம்பையெல்லாம் முதலிலேயே செலவழித்துவிட்டான் என்று அர்த்தம். மனசு வைக்காதவன் அப்படிப் பாய மாட்டான். 'நான் லாயக்கில்லை' என்று உட்கார்ந்திருப்பவனிடம், "தம்பி, முதல் 50-ஐ 31-ல் நீந்திப் பழகு" என்று சொன்னால் அவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. மறுபடி தண்ணீரில் இறங்க அது போதும்.

25 மீட்டர் குளத்து டைமிங்கை 50 மீட்டர் குளத்து டைமிங்கோடு ஒப்பிட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. 200 மீட்டருக்கு 25 மீட்டர் குளத்தில் சுவரில் திரும்பும் டர்ன் 7, 50 மீட்டர் குளத்தில் 3. ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம் குறைகிறபோது நேரம் கூடாமல் என்ன செய்யும்?

தோற்ற மறுநாளே காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சித் தூரத்தை ஏற்றுவதையும் பார்க்கிறேன். போட்டி நெருங்கும்போது தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தருவதைத்தான் டேப்பர் என்கிறோம். அது சரியாக அமையாமல் களைப்போடு நீந்தித் தோற்ற பிள்ளைக்கு மேலும் சுமை ஏற்றினால் நீச்சலே வெறுத்துப்போகும். பிரிட்டிஷ் நீச்சல் வீரர் ஆடம் பீட்டி 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 2016 ரியோவிலும், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். அவரே 2023-ல் மனச் சோர்வால் போட்டிகளிலிருந்து ஒதுங்கி இருந்தார். மறு ஆண்டு பாரிஸில் 0.02 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி வாங்கினார். உலகச் சாம்பியனுக்கே இடைவெளி தேவைப்படும்போது, பள்ளிப் பிள்ளை ஒரு வாரம் சும்மா தண்ணீரில் விளையாடினால் என்ன குறைந்துவிடும்?

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீச்சல் முடிவுகளை வெளியிடும்போது முதல் மூவரின் பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். இறுதிப் போட்டியில் நீந்திய எட்டுப் பேரின் பெயரையும் நேரத்தையும் போடலாமே! ஏழாவதாக வந்த பிள்ளை தன் பழைய நேரத்தில் இரண்டு விநாடி குறைத்திருக்கக்கூடும். கூடுதலாக ஐந்து வரி இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
நீச்சல் போட்டி நேரக் கணிப்பாளர் ஒருவர்