எங்க பில்டிங் கிறிஸ்மஸுக்கு கை குடுத்த எல்லாருக்கும்

மேல் வீட்டுக்காரங்க, எதிர் வீட்டுக்காரங்க, அன்னைக்கு நடுராத்திரில பாத்திரம் கழுவி கவுத்துட்டு போன பசங்க எல்லாருக்கும் வணக்கம். இடது கையால ஒவ்வொரு எழுத்தா தேடி டைப் பண்றேன், நாலு நாளா எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நவம்பர் கடைசில படிக்கட்டுல விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சப்பவே இந்த வருஷம் நம்ம வீட்ல பண்டிகை சமையல் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டேன், பிள்ளைங்க கிட்டயும் சொல்லிட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லல ஆனா முகம் வாடிப்போச்சு. அப்போ தான் மெக்சிகோ அக்கா வந்து என் கைல போட்ட கட்டை பார்த்தாங்க, அடுப்பை பார்த்தாங்க, "உங்க கிச்சன் பெருசு, எனக்கு இடம் வேணும், நீங்க சேர்ல உட்காருங்க"ன்னாங்க. அக்கா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

23ஆம் தேதி முழுக்க தமாலே வேலை. மக்காச்சோள மாவுல பன்றிக்கொழுப்பு சேர்த்து அடிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு சின்ன உருண்டை எடுத்து தண்ணில போட்டா மிதக்கணும், முங்குச்சுன்னா இன்னும் அடிக்கணும். ஊறவச்ச சோளத்தோகைல ஒருத்தர் மாவு தடவ, ஒருத்தர் மிளகாய்ல வெந்த கறிய வைக்க, ஒருத்தர் மடிச்சு பானைல நிக்க வைக்கன்னு ஆறு பேர் மேஜைய சுத்தி உட்கார்ந்துட்டாங்க. இப்படி கூடி செய்யறதுக்கே தமலாடான்னு தனியா பேர் வச்சிருக்காங்க அவங்க ஊர்ல. எனக்கும் வேலை இருந்துச்சு, இடது கையால தோகை எடுத்து எடுத்து குடுக்குறது. ரெண்டு கை இருந்த வருஷமெல்லாம் நான் தனியாவே சமைச்சிருக்கேன், தனி ஆளா செய்ய முடியாத சாப்பாட்டை ஒவ்வொரு ஊர்லயும் இந்த நாளுக்குன்னே வச்சிருக்காங்கன்னு அன்னைக்கு தான் பார்த்தேன்.

போலந்து அம்மாவும் அப்படித்தான், காய்ஞ்ச காளானை ஊறவச்சு அரைச்சு ஊஷ்கான்னு விரல் நுனி அளவு கொழுக்கட்டை, பீட்ரூட் சூப்புல போட, நூத்துக்கு மேல பிடிச்சாங்க, என் பொண்ணுக்கும் கத்துக்குடுத்தாங்க. அவங்க வழக்கப்படி 24 சாயங்காலம் முதல் நட்சத்திரம் வர்ற வரைக்கும் யாரும் சாப்பிடக்கூடாது, அன்னைக்கு இறைச்சியும் கிடையாது, 12 வகை வைக்கணும். மேஜைத்துணிக்கு அடில வைக்கோல். அப்புறம் ஒப்வாடெக், மெல்லிசா அப்பம் மாதிரி, ஒருத்தர் கைல இருக்குறதை இன்னொருத்தர் உடைச்சு வாழ்த்து சொல்லணும். என் கட்டு போட்ட கைலயே வச்சு என்கிட்ட உடைச்சு வாங்கினாங்க அம்மா, அத நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு தட்டு கூடுதலா போட்டாங்க, யாராவது வந்தா உட்காரன்னு. 11 மணிக்கு ட்யூட்டி முடிச்சு பிலிப்பைன்ஸ் தம்பி வந்தாரு, நேரா அந்த தட்டுல போய் உட்கார்ந்தாரு, அவங்க ஊர்ல நள்ளிரவுக்கு தான் விருந்தே ஆரம்பிக்குமாம். தம்பி, தூக்கத்த விட்டுட்டு அந்த நேரத்துல பிபிங்கா சுட்டீங்களே! அரிசிமாவும் தேங்காப்பாலும், வாழையிலை போட்டு, மேலயும் கீழயும் கரி நெருப்பு வச்சு சுடறது, டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும் விடிகாலை பூசைக்கு போயிட்டு வர்றப்ப சர்ச் வாசல்ல சூடா வாங்கி சாப்பிடுவோம்னு சொல்றப்ப உங்க கண்ணு கலங்குனத பார்த்தேன். இங்க ஓவன்ல தான் சுட்டோம், வாசனை மட்டும் குறையல.

ஜெர்மனி தாத்தா மூணு வாரம் முன்னாடியே செஞ்சு சுத்தி வச்ச ஸ்டோலன்ங்கிற உலர்பழ ரொட்டி, ஜப்பான் பொண்ணோட ஸ்ட்ராபெர்ரி கேக், ரெண்டுமே மிச்சம் இல்ல, பிள்ளைங்க முடிச்சுட்டாங்க. ரொம்ப நன்றி.

கடைசியா எத்தியோப்பியா அக்காவுக்கு. உங்களுக்கு கிறிஸ்மஸ் ஜனவரி 7, அது வரைக்கும் 40 நாளுக்கு மேல நோன்பு, கறி பால் முட்டை எதுவும் தொட மாட்டீங்க. அது தெரிஞ்சதும் மெக்சிகோ அக்கா கொழுப்பு இல்லாம எண்ணெய்ல, பீன்ஸ் மட்டும் வச்சு உங்களுக்குன்னு தனி பானை ஏத்துனாங்க, நீங்க எங்களுக்காக பருப்பு வேகவச்சு, புளிச்ச மாவுல தோசை மாதிரி இஞ்சேரா சுட்டு எடுத்துட்டு வந்தீங்க. இஞ்சேராவ வலது கையால தான் பிச்சு சாப்பிடணும், நான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப நீங்களே பிச்சு பருப்பை அள்ளி என் வாய்ல ஊட்டுனீங்க. குர்ஷான்னு சொன்னீங்க, பிரியமானவங்களுக்கு ஊட்டுறது. எனக்கு அப்ப பேச்சே வரல, அதான் இப்ப எழுதுறேன்.

4ஆம் தேதி கட்டு பிரிக்கிறாங்க. 7ஆம் தேதி உங்க வீட்ல டோரோ வாட்ங்கிற கோழிக்குழம்பு, வெங்காயம் மணிக்கணக்கா வதங்கணும்னு சொன்னீங்கல்ல, காலைலயே வந்துடறேன் அக்கா. அன்னைக்கு முதல் வாய் நான் தான் உங்களுக்கு ஊட்டுவேன்.