நட்டுவிட்டு மறக்க முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பராமரிப்பு அதிகம் தேவைப்படாத பல்லாண்டுத் தோட்டம் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். செடிப் பட்டியல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை நட்டால் போதும், அப்புறம் மறந்துவிடலாம் என்று எழுதியிருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நானும் அப்படி நம்பித்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரே சாயங்காலத்தில் 14 கன்றுகளை நட்டேன். நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி, நடுநடுவே கல்வாழை. ஒன்றுகூட முழங்கால் உயரம் இல்லை, இடம் வெறிச்சென்று தெரிந்தது, சரி என்று முழத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டேன். இரண்டாம் வருடம் நந்தியாவட்டை படர்ந்து இட்லிப்பூவுக்கு வெயிலே விழாமல் செய்தது, இட்லிப்பூ பூப்பதை நிறுத்தியது. மூன்றாம் வருடம் வாராவாரம் கத்தரியும் கையுமாக நின்றேன். அரளிக் கிளையை வெட்டும்போது கையுறை வேறு போட்டுக்கொள்ள வேண்டும், அதில் எல்லாப் பாகமும் விஷம். உங்கள் கட்டுரை இதை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

வேலை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இடைவெளியில்தான் இருக்கிறது. வளர்ந்தபின் ஐந்தடி அகலம் வரும் செடி என்றால் அடுத்ததை ஐந்தடி தள்ளித்தான் வைக்க வேண்டும், இரண்டு வருடம் தோட்டம் சொட்டையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அந்த வெற்றிடத்தில் களை வராதா என்று கேட்பீர்கள். வரும். காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று அங்குல கனத்துக்கு மூடாக்குப் போட்டால் பாதிக்கு மேல் அடங்கிவிடும், ஏனென்றால் நிறைய களை விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், அழுகிவிடும். மண்ணைக் கொத்திக்கொண்டே இருப்பதும் வேண்டாம், ஆழத்தில் தூங்குகிற விதையை நாமே மேலே கொண்டுவருகிறோம். பிளாஸ்டிக் விரித்துக் கூழாங்கல் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்: கல்லிடுக்கில் புழுதி சேர்ந்து, களை அதன் மேலேயே முளைக்கிறது.

தண்ணீர் விஷயத்திலும் சூடு பட்டேன். கல்வாழைக்குப் பக்கத்திலேயே சோற்றுக்கற்றாழையை வைத்தேன். கல்வாழைக்கு ஊற்றிய தண்ணீர் கற்றாழைக்கு எமனாகிவிட்டது. ஒருநாள் மடலைப் பிடித்து இழுத்தேன், அடிப்பாகம் கூழாகி நாற்றத்தோடு கையோடு வந்தது. ஒரே அளவு தாகமுள்ள செடிகளைச் சேர்த்து வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. எந்தச் செடியானாலும் முதல் வருடம் தண்ணீர் கேட்கும். அதையும் தினமும் மேலாகத் தெளிக்காமல், விட்டுவிட்டு ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும், அப்புறம் பத்து நாள் ஊருக்குப் போனாலும் தாங்கும்.

இப்போது ஆறு செடிகளைப் பிடுங்கிவிட்டேன், மிச்சம் எட்டு நன்றாக இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கல்வாழைக் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடுவது மட்டும் அரைநாள் வேலை, அது எனக்குப் பிடிக்கும் என்பது வேறு கதை.

அடுத்த முறை தோட்டப் படம் போடும்போது, நட்ட அன்று எடுத்ததோடு அதே தோட்டத்தை மூன்றாம் வருடம் எடுத்ததையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்