136-லிருந்து 151-க்கு

ரெவல்ஸ்டோக், கனடா
ஜனவரி 11

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுவாரமே பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். மனசு லேசானது. பாலிடெக்னிக் நாட்களில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கென்று தனி டப்பாவில் முறுக்கு எடுத்து வைத்திருப்பார். நான் ரொம்பக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கம்லூப்ஸில் நர்ஸிங் இரண்டாம் வருடம். சின்னவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். பனி இந்த வருடம் தாமதம்தான், ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து விடாமல் கொட்டுகிறது. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை வாசலில் பனி அள்ளுகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பனியில் ஓட்டும் பழைய ஸ்னோமொபைலை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கடனில் புதுசு எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். பிரின்ஸ் ஜார்ஜ் பக்கத்து மலைகளில் ஏறினால் பின்பக்கம் புதைந்து நின்றுவிடுகிறது, இன்ஜினில் இழுவை போய்விட்டது என்றும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. உன்னிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே வண்டி, தொண்ணூறுகளின் கடைசியில் வந்த போலரிஸ் ஆர்எம்கே 700. நானும் நான்கு வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினேன், பிஸ்டன் ரிங் மாற்றினேன், கம்ப்ரஷன் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இன்ஜினுக்குப் பலம் போதும், அடியில் சுற்றி வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை, அந்த டிராக்தான் குட்டை என்பது இந்தக் குளிர்காலத்தில்தான் புரிந்தது.

நம் வண்டியோடு வந்த டிராக் 136 அங்குலம். ஒரு காலத்தில் அது மலைக்கென்றே செய்த நீளமான டிராக். ஆனால் இங்கே மார்பளவுப் பனியில் திராட்டிலை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியும். டிராக் பனியைத் தோண்டிப் பின்னால் எறிகிறது, வண்டியின் பின்பாதி தானே வெட்டிய பள்ளத்தில் இறங்குகிறது, முன்னால் சறுக்குப் பலகைகளான ஸ்கீ இரண்டும் வானத்தைப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் இன்னும் 20 குதிரைசக்தி இருந்தால் இன்னும் வேகமாகக் குழிதான் தோண்டும். அடியில் மிதக்க இடம் வேண்டும்.

அதனால் நவம்பரில் வண்டியைப் பிரித்து 151 அங்குல டிராக் போட்டேன். கணக்கு எளிது. நம் டிராக்கின் பிட்ச், அதாவது பல் மாட்டும் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள தூரம், 2.52 அங்குலம். 54 பிட்ச் இருந்தால் 136, 60 பிட்ச் இருந்தால் 151. வளையத்தில் 15 அங்குலம் கூடுகிறது, தரையில் படுவது அதில் பாதி, ஏழரை அங்குலம். அகலம் 15. ஆக, சுமார் 112 சதுர அங்குலம் கூடுதலாகப் பனியில் படுகிறது. ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவுதான். அந்த ஒரு தாள் அளவு இடம் என்ன செய்கிறது என்று பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய டிராக் வாங்கப் போனால் முதலில் பிட்சைக் கேள். புது வண்டிகளில் 2.86, 3 அங்குல பிட்ச் டிராக்குகள் வருகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் டிராக்கைச் சுற்றும் பல்சக்கரமான நம் டிரைவரின் பல்லில் உட்காராது. டிரைவரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். நான் வாங்கியது, பனியைத் தள்ளும் ரப்பர் துடுப்புகள் 2.25 அங்குல உயரத்தில் இருந்த பழைய டிராக். ரப்பரை மடக்கி மடக்கி விரிசல் பார்த்தேன், குறுக்கே ஓடும் கம்பி ஒன்றாவது உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். விற்றவர் பொறுமையாக நின்றார்.

பிரிப்பது பெரிய வேலை இல்லை. சஸ்பென்ஷன் நான்கு போல்ட்டில் கழன்று வருகிறது. அப்புறம் செயின்கேஸைத் திறந்து ஆயிலை வடித்து, செயினைக் கழற்றி, டிரைவ் ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டும். எடுத்த கையோடு பேரிங்கைக் காதருகே வைத்து விரலால் சுற்றிப் பார். என்னுடையதில் மணல் உரசுகிற சத்தம் கேட்டது, கிரீஸ் காய்ந்து போயிருந்தது. அது பனிக்காட்டில் 30 கிலோமீட்டர் உள்ளே போய் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! இரண்டு பக்கமும் புதுசு போட்டேன்.

டிராக்கின் உள்பக்கம் அதைத் தாங்கி நிற்கும் ரெயிலை நீட்டுவதுதான் மனசுக்குப் பிடித்த வேலை. பின்னால் போல்ட் போட்டு இணைக்கும் அலுமினிய நீட்டிப்புத் துண்டுகள் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்: பழைய ரெயிலோடு ஒட்டி நிற்கும் பகுதி நீளமாக இருக்க வேண்டும். வண்டி குதித்து விழும்போது பாரம் முழுக்க அந்த ஒட்டில்தான் இறங்கும். குட்டையான ஒட்டாக இருந்தால் ரெயில் அங்கேயே வளையும். கோவை கணபதியில் நம் லேத் பட்டறை முதலாளி, "ஒட்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்கடா" என்பாரே, துளை போடும்போதெல்லாம் அந்தக் குரல்தான் காதில் கேட்டது. ரெயிலின் அடியில் வழுக்கும் அந்தப் பிளாஸ்டிக் பட்டை, ஹைஃபேக்ஸ், அதையும் முழு நீளத்துக்கு ஒரே துண்டாகப் புதுசு போட்டுவிடு. டிராக்குக்கு மேலே கூரை மாதிரி இருக்கும் டனலையும் பின்பக்கம் அலுமினியத் தகடு ரிவெட் அடித்து நீட்டி, பின்னால் தொங்கும் ஸ்னோ ஃபிளாப்பை அதன் நுனிக்கு மாற்றினேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. துடுப்பு கால் அங்குலம் உயரமானதும் டனலுக்குள் இடம் குறைந்துவிடுகிறது. முன்பக்கம் டிரைவருக்கு எதிரே இன்ஜினின் கூலன்ட்டைக் குளிர்விக்கும் கூலர் இருக்கிறது அல்லவா, அதற்கும் துடுப்பின் நுனிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு ஒரு உருண்டை வாங்கி வந்து கூலர் மேல் ஒட்டினேன். டிராக்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். துடுப்பு மாவில் பதிந்து போன இடத்தில் மிச்சமிருந்த கனத்தை வெர்னியரில் அளந்தேன். ஒரு இடத்தில் அரை அங்குலம், இன்னொரு இடத்தில் கால் அங்குலம்தான். வேகமாகச் சுற்றும்போது டிராக் வெளிப்பக்கமாக உப்பும். அப்போது கால் அங்குலம் போதாது. துடுப்பு கூலரைச் சுரண்டி ஓட்டை போட்டால் கூலன்ட் வடிந்து, மலை உச்சியில் இன்ஜின் கட்டிக்கொள்ளும். அதனால் 8 பல் டிரைவரை எடுத்துவிட்டு 7 பல் டிரைவர் போட்டேன். விட்டம் குறைந்து இடம் கிடைத்தது, கியரும் தானாகவே கொஞ்சம் இறங்கியது. நீளமான டிராக்கைச் சுற்ற அதுவும் தேவைதான்.

அப்படியும் முதல் நாள் டாப் ஆர்பிஎம் 300 குறைந்தது. பாரம் கூடியிருக்கிறதே. கிளட்ச் வெயிட்டைக் கொஞ்சம் லேசாக மாற்றியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு தொல்லையும் வந்தது. முழு திராட்டில் கொடுத்தபோது அடியில் "டக் டக் டக்" என்று பல் தாண்டும் சத்தம். டிராக் தளர்வாக இருந்திருக்கிறது. கராஜில் டென்ஷன் வைத்தது போதவில்லை, கொஞ்சம் ஓடியதும் தளர்ந்துவிட்டது. அதற்காக முறுக்கித் தள்ளிவிடாதே. இறுக்கினால் சக்தி அதிலேயே போய்விடும், பேரிங்கும் ஹைஃபேக்ஸும் தேயும். 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார், அப்புறம் அலைன்மென்ட்டையும் பார்.

எல்லாம் சேர்த்து 1,700 டாலர் ஆனது. புது மவுண்டன் ஸ்லெட் இங்கே 20 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

போன சனிக்கிழமை ஃப்ரிஸ்பி ரிட்ஜ் மலைக்குப் போனோம், மூன்று பேர். மேலே ஸ்ப்ரூஸ் மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் திறந்தவெளி உண்டு. மூன்று வருடமாக நான் புதைந்து போகிற இடம் அது. ஒரு தடவை ஒரு மணி நேரம் தோண்டியிருக்கிறேன். ராத்திரி முழுக்கப் பெய்த பனி, இறங்கி நின்றால் இடுப்பு வரை போகிறது. நான் பழக்கத்தில் எழுந்து நின்று, பின்னால் இறங்கப்போகிற அந்த அசைவுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. ஸ்கீ பனியின் மேலேயே இருந்தது. பனி என் முழங்காலைத் தாண்டி இரண்டு பக்கமும் மாவு போலப் பறந்தது, வண்டி படகு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. மேலே போய் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பள்ளம் இல்லை, ஒரு ஆழமில்லாத கோடுதான் கீழே வரை. கண் கலங்கிவிட்டது.

குறையும் உண்டு. மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்பாது, முன்கூட்டியே உடம்பைச் சாய்க்க வேண்டும். இறுகிப்போன டிரெயிலில் ஹைஃபேக்ஸுக்குப் பனி ஈரம் கிடைக்காமல் சூடாகிறது. அதற்கு ரெயிலில், தரையைக் கீறிப் பனித்தூளைத் தெளிக்கும் ஐஸ் ஸ்கிராச்சர் மாட்டினேன். 162 அங்குல டிராக் போடலாம் என்றார்கள் சிலர். நம் 700 இன்ஜினுக்கு 151 போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்குமேல் போனால் டிராக்கைச் சுற்றுவதிலேயே பலம் செலவாகும்.

ஒரு செய்தி படித்தேன், உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. 1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வால்கூரில் ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் பிடித்தது. பனியில் சாலை மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துவிட்டது. அந்த மனிதர்தான் பல்சக்கரத்தால் ரப்பர் டிராக்கைச் சுற்றும் அமைப்பைச் செய்து 1937-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஸ்னோமொபைலான ஸ்கீ-டூ வந்தது அப்புறம், 1959-ல். கராஜில் அந்த டிராக்கைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தபோது என் சின்னவன் இரண்டு வயதில் ஜுரத்தில் கிடந்த ராத்திரி ஞாபகம் வந்தது.

மாப்ள, இதற்குப் பிறகு எழுதுவதுதான் முக்கியம். பழைய டிராக் இருந்தவரை செங்குத்தான சரிவுக்குக் கீழேயே நீயும் நானும் புதைந்து நின்றுவிடுவோம். அது ஒரு காவல் என்று அப்போது தெரியவில்லை. இப்போது வண்டி ஏறிவிடுகிறது. பனிச்சரிவு பெரும்பாலும் கிளம்புவது 30 முதல் 45 பாகைச் சரிவில், நாம் ஏற ஆசைப்படுவதும் அதே சரிவில்தான். எங்கள் ஊருக்கு மேலேயுள்ள போல்டர் மவுண்டனில் 2010 மார்ச் 13 அன்று கூட்டமாக நின்றவர்கள் மேல் சரிவு வந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஊரில் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிக் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். நான் வேலைக்கு அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன்.

ஆகவே டிராக்குக்குப் பணம் ஒதுக்குமுன் இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சிக்கு ஒதுக்கு. புதைந்தவனைத் தேட சிக்னல் தரும் டிரான்ஸீவர், பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியான புரோப், மண்வெட்டி மூன்றும் உன் உடம்பில் இருக்கட்டும், வண்டிப் பையில் வேண்டாம். வண்டி ஒரு பக்கம் போய் நீ ஒரு பக்கம் போனால் பையில் இருப்பது எதற்கு உதவும்? சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஒருவன் புதைந்தால் உதவிக்கென்று இரண்டாவது வண்டியை மேலே ஓட்டிப் போகக் கூடாது. இதை நான் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டேன், நண்பன் மாட்டிக்கொண்டால் ஓடத்தான் கால் துடிக்கிறது. கிளம்புகிற காலையில் பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடாவின் அறிக்கையைப் பார்க்காமல் சாவியைத் தொடாதே. போன ஞாயிறு அபாயம் அதிகம் என்று போட்டிருந்தார்கள். மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தோம், சின்னவனோடு கேரம் ஆடினேன்.

பொங்கலுக்கு இங்கே நான்கு குடும்பம் சேர்கிறோம். நீங்கள் வர முடியாது என்று தெரியும். பிப்ரவரி நீள வார இறுதிக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. என் கராஜில் ஹீட்டர் இருக்கிறது, இரண்டு நாளில் முடித்துவிடலாம். அதற்குமுன் ஒரு வேலை: உன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, துடுப்பு நுனிக்கும் கூலருக்கும் நடுவே மாவு வைத்து அளந்து எழுது. டிரைவரில் எத்தனை பல் என்றும் எண்ணு. அதைப் பார்த்துவிட்டு நான் சாமான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைக்காரன்