ஒன்றரை ஷிப்டுக்கு வர முடியாதவர்களும் ஆட்கள்தான்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கம். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் உடனே தேவை' என்ற போர்டு உங்களில் பலருடைய கேட்டில் தொங்குகிறது. நான் தினமும் கடந்து போகும் ஒரு போர்டில் 'உடனே' என்ற சொல் வெயிலில் வெளுத்தே போய்விட்டது. போன் நம்பரை மட்டும் இரண்டு முறை புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடம், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் தைத்தவள் நான். என் அப்பா 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர். உங்களில் பலரும் அதே மிஷினில் உட்கார்ந்து எழுந்து முதலாளி ஆனவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சும்மா இருந்துவிடவில்லை. பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு விடியும் முன்பே வேன் அனுப்பினீர்கள். தென் மாவட்டங்களில் யூனிட் திறந்தீர்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளை வரவழைத்துத் தங்க இடம் கொடுத்தீர்கள். துணி வெட்ட இயந்திரம் வாங்கினீர்கள். தைப்பதற்குத்தான் இன்னும் விரல் வேண்டியிருக்கிறது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். கழுத்துப் பட்டியை நீவி நீவித் தள்ளாவிட்டால் சுருங்கிவிடும்.

நாங்களும் பழைய ஆட்களாக இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, பீஸுக்குச் சில பைசா கூடக் கொடுக்கும் கம்பெனிக்குத் திங்கட்கிழமை போய்விடுகிறோம். 'விசுவாசம் இல்லை' என்று திட்டுகிறீர்கள். ஆர்டர் இல்லாத மாதங்களில் எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது அந்தச் சொல் யார் வாயிலும் வரவில்லை.

என் பக்கத்து மிஷினில் தைத்த பீகார்ப் பையன் என்னை அக்கா என்பான். ஒரே அறையில் ஐந்து பேராகத் தங்கியிருந்தான். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போனால் திரும்பி வரும் தேதி அவனுக்கே தெரியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அவன் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை போன் செய்தாள். அவனைக் குறை சொல்ல மாட்டேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழும் ஒன்றரை ஷிப்ட் அவனுக்குப் பொருந்தியது. மாலை ஆறு மணிக்கு அவனை எதிர்பார்த்திருக்க இந்த ஊரில் யாரும் இல்லை.

எனக்கு இருந்தார்கள். மகள் எட்டாம் வகுப்பு; மாமியார் படுக்கையில். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் லைனில் அதைப் படித்துச் சிரித்தோம். நாங்கள்தான் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே அமல்படுத்திவிட்டோமே! கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது சட்டம். நான் பீஸ் ரேட்டில் தைத்த வருடங்களில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

ஒன்பதரை முதல் நாலரை வரை வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். 'லைன் உடைந்துவிடும்' என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தோள், கழுத்து, கை, பக்கம் என்று ஒருவர் முடித்ததை அடுத்தவர் எடுக்கும் வேலை. ஒரு நாற்காலி காலியானால் அதன் பின்னால் இருப்பவர்கள் கைகட்டி உட்கார வேண்டியதுதான். ஆனால் ஒரு மிஷினுக்கு இரண்டு பேரைப் போட்டால்? காலையில் ஒருத்தி, மதியத்துக்கு மேல் ஒருத்தி. நாற்காலி காலியாகாது. இதை அவரிடம் சொன்னபோது ஹாஜர் புத்தகத்தில் அப்படி எழுத இடம் இல்லை என்றார். அதற்குமேல் என்ன பேச? அந்த வாரமே நின்றுவிட்டேன்.

பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அதற்கென்று கதவில் பெயர் எழுதிய அறை இருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஆடிட் நாளில் மட்டும் பெட்டிகள் வெளியே வரும், ஒரு தொட்டில் உள்ளே போகும்.

வேனை ஐம்பது கிலோமீட்டர் அனுப்பும் முன் உங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். எங்கள் வீதியில் மட்டும் ஐந்து பேர் இருக்கிறோம். ஓவர்லாக் இரண்டு, பேட்லாக் ஒன்று, செக்கிங் இரண்டு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் நாலரை வரை கை சும்மாதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஓவர்லாக் டெய்லர்