அந்த ‘அனைவரும்’ யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், நாற்பது வயதுக்கு மேல் பல்லுக்குக் கிளிப் போடுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘சிகிச்சை பெற்ற பெரியவர்கள் அனைவருக்கும் முழுத் திருப்தி’ என்று ஒரு வரி. அத்தனை பேரையும் எங்கே பிடித்தீர்களோ! படத்தில் சிரிப்பது கல்லூரிப் படியைத் தாண்டாத ஒரு பெண். நாற்பது வயது வாய் அச்சுக்கு ஆகாது போலிருக்கிறது.

நான் 44 வயதில் கிளிப் போட்டுக்கொண்ட ஆசிரியை. கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, “குழந்தை எங்க மேடம்?” பள்ளியில், “பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல உங்களுக்கு எதுக்கு டீச்சர் இது?” எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் இதே எத்துப்பல்லைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோனவர்களை அவர்களுக்குத் தெரியாது. வந்த மாப்பிள்ளைகளின் பல்லை எங்கள் வீட்டில் யாரும் எண்ணவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் நகர வேண்டுமானால் எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர வேண்டும். மாதத்துக்கு 1 மி.மீ. நகர்ந்தாலே பெரிது. ஒன்றரை, இரண்டு வருடம் சாதாரணமாக ஆகும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. எதிர்ப்பக்கத்தில் பல் கிளினிக்கின் அரைப்பக்க விளம்பரம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நெருக்கியடித்து நின்ற என் கீழ்ப்பற்கள் நேரானதும், ஈற்றோரம் கறுப்பாக முக்கோணச் சந்துகள் தெரிந்தன. பெரியவர்களுக்கு அப்படி வருவதுண்டாம். கழற்றிய பிறகு சொன்னார்கள். நேரான பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னருக்குத் தனிக்காசு என்பதும், அதை முதலில் முழுநேரமும் பிறகு இரவுகளில் காலம்பூராவும் போடவேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. செராமிக் கிளிப் வெளியே தெரியாது என்றார்கள். கிளிப் தெரியவில்லைதான். அதைக் கட்டிய ரப்பர் வளையம் சாம்பாரில் மஞ்சளேறிக் கடைசி பெஞ்சு வரை தெரிந்தது. பெரிய டாக்டரைப் பார்த்தது முதல் நாளோடு சரி. அப்புறம் மாதாமாதம் ஒரு புது முகம். எதைக் கேட்டாலும், “பயப்படாதீங்க ஆன்ட்டி.” நான் பயந்து கேட்கவில்லை, பணம் கட்டியவளாகக் கேட்டேன்.

பல்லில் ஒட்டிய பசையை முழுதாகச் சுரண்டி முடிக்கும் முன்பே போனை நீட்டினார்கள்: “அஞ்சு ஸ்டார் போடுங்க மேடம்.” வாயைத் திறந்து படுத்திருப்பவள் என்ன சொல்ல முடியும்? போட்டேன். ஆக, உங்கள் ‘அனைவரில்’ நானும் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

என் பல்லைப் பற்றி எனக்குக் குறையில்லை. இப்போதெல்லாம் போட்டோவுக்குக் கையால் வாயை மறைப்பதில்லை. அதற்காக என்னை நடத்திய விதத்துக்கும் சேர்த்துத் திருப்தி என்று நீங்களாக எழுதிக்கொள்ள வேண்டாம். மூட்டு மாற்றுச் சிகிச்சை பற்றி எழுதியபோதும் இப்படித்தான், எல்லாரும் ஓடியாடுவதாகப் போட்டீர்கள். என் அம்மாவின் நிலையைச் சொல்லி அனுப்பிய கடிதம் இன்றுவரை உங்கள் இதழில் வரவில்லை.

அடுத்த முறை பல் பற்றிக் கட்டுரை வந்தால், ரிட்டெய்னர் செலவு மொத்தக் கட்டணத்தில் சேர்ந்ததா என்று முதல் நாளே கேட்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள். முடிந்தால் நாற்பதைத் தாண்டிய ஒருவரின் படமும்.

பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். எங்கள் ஆசிரியர் அறையிலும் உங்கள் இதழ்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.